கதை அனுப்பக் கட்டணம் எதற்கு?

கேள்வி: நான் தம்பிலுவிலைச் சேர்ந்த முன்பள்ளி ஆசிரியை. நான்கு வருடங்களாகச் சிறுகதைகள் எழுதிக் கொப்பிகளில் வைத்திருக்கிறேன். ஏழு கதைகள் தேறும். அண்மையில் வாட்ஸ்அப்பில் ஒரு சர்வதேசச் சிறுகதைப் போட்டி அறிவித்தல் வந்தது. பதிவுக் கட்டணம் 2500 ரூபாய். தெரிவாகும் 100 கதைகள் நூலாக வருமாம். வெள்ளிக்கிழமைக்குள் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? வேறு போட்டிகளையும் கதை போடும் இதழ்களையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கட்டாதீர்கள், மகள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம். அந்தப் பணம் முதலில் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

நீங்கள் அனுப்பிய அறிவித்தலை இரண்டு தரம் வாசித்தேன். நடுவர்கள் யார் என்று அதில் இல்லை. விலாசம் இல்லை, ஒரு கைபேசி எண் மாத்திரம் இருக்கிறது. முதற்பரிசு எவ்வளவு என்றும் இல்லை. கட்டணத் தொகை மட்டும் தடித்த எழுத்தில் இரண்டு இடங்களில் வருகிறது. அடியில், பொடி எழுத்தில், தெரிவானவர்கள் பிரதி 900 ரூபாய் வீதம் குறைந்தது மூன்று பிரதிகள் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு பேரிடம் 2500 வாங்கினால் 250,000. ஆளுக்கு மூன்று பிரதி என்றால் 300 புத்தகம், அது 270,000. மொத்தம் 520,000 ரூபாய். வெளியில் இருந்து ஒரு வாசகர்கூட அந்தப் புத்தகத்தை வாங்கத் தேவையில்லை. எழுதியவர்களே விலை கொடுத்துத் தீர்த்துவிடுகிறார்கள். பரிசு கொடுக்கிற போட்டியில் பணம் நடத்துகிறவரிடமிருந்து எழுதுகிறவருக்கு வரவேண்டும். இங்கே அது எதிர்த்திசையில் போகிறது.

இப்படி ஒரு தொகுப்பில் கதை வந்த பெண் ஒருவரை எனக்குத் தெரியும். படுவான்கரையில் வயல் செய்யும் குடும்பம். விழாவுக்குக் கொழும்புக்குப் போய், பொன்னாடையும் கேடயமும் வாங்கிக்கொண்டு, இரவு பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் புத்தகத்தைத் திறந்திருக்கிறார். அவருடைய கதையில் கடைசி அரைப் பக்கம் இல்லை. ஆளுக்கு மூன்று பக்கம் என்று கணக்குப் பண்ணி வெட்டியிருக்கிறார்கள். கிழவி கதவைத் திறக்கும் இடத்தில் கதை நின்றுவிட்டது. உள்ளே யார் இருந்தார் என்பது அச்சிலேயே ஏறவில்லை. அந்தப் பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. அச்சுக்கு அனுப்புமுன் அந்தக் கதையை ஒருவரும் முழுதாக வாசிக்கவில்லை. என் கோபமெல்லாம் அங்கேதான். காசு போனால் உழைக்கலாம். ஒரு மனிசி பாடுபட்டு எழுதிய கதையை வாசிக்காமலே அச்சடிப்பது பெரிய பாவம்.

இப்படிக் கட்டணம் வாங்கித் தொகுப்புப் போடும் தரகர்கள் நூல் எண்ணைக் காட்டியும் மயக்குவார்கள். சர்வதேச நியம நூல் எண்ணை (ISBN) பின்னட்டையில் போட்டு, உலக அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்பார்கள். அது ஒரு புத்தகத்தை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய உதவும் இலக்கம், அவ்வளவுதான். இலங்கையில் அதைக் கொடுப்பது கொழும்பு 7 இல் இருக்கும் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். சமையற் குறிப்புப் புத்தகத்துக்கும் அதே எண்தான். அது தரச் சான்றிதழ் இல்லை.

பணம் என்று வந்தாலே மோசடி என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். சந்தா வேறு, கட்டணம் வேறு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பேச்சைக் கேட்டு ஒருவர் நல்லதொரு சிற்றிதழின் ஆசிரியரைக் கள்ளனைப் போலக் கேள்வி கேட்டுவிட்டார். நம் சிற்றிதழ்கள் ஆசிரியரின் சொந்தச் சம்பளத்தில் ஓடுகின்றன. கதையை ஏற்றுக்கொண்டு, முடிந்தால் ஒரு வருடச் சந்தா கட்டுங்கள் என்று கேட்பார்கள். கட்டினால் உங்கள் கதை வந்தாலும் வராவிட்டாலும் இதழ் வீடு தேடி வரும். வேறு பத்துப் பேரின் கதைகளை வாசிப்பீர்கள். அந்த இதழுக்கு எந்த மாதிரிக் கதை பிடிக்கும் என்பது பிடிபடும். ஆகவே ஒன்றைக் கேளுங்கள்: என் கதையை நீங்கள் போடாவிட்டாலும் இந்தப் பணத்துக்கு எனக்கு ஏதாவது கிடைக்குமா? இதழ் கிடைக்கும் என்றால் அது சந்தா. ஒன்றும் கிடைக்காது, அல்லது காசு கட்டினால் கதை கட்டாயம் வரும் என்று பதில் வந்தால், அது நான் கட்டாதீர்கள் என்ற அந்தக் கட்டணமேதான். வெளியீட்டு விழாவில் உறையில் பணம் வைத்துப் பிரதி வாங்குவதும் நம் ஊர் வழக்கம். அது எழுத்தாளருக்குத் தோள் கொடுப்பது. அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

இனி எங்கே அனுப்புவது. முதலில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகள்: வீரகேசரி, தினக்குரல், தினகரன் வாரமஞ்சரி. புதியவர்களின் கதைகள் அங்கே வருகின்றன. இடம் குறைவு, ஆகவே 1200 முதல் 1500 சொற்களுக்குள் நிற்கும் கதையைத் தேர்ந்தெடுங்கள். பணம் எதிர்பார்க்க வேண்டாம். அடுத்தது இதழ்கள். 2000 இல் தொடங்கிய ஞானம், யாழ்ப்பாணத்து அல்வாயிலிருந்து 2007 இல் தொடங்கிய ஜீவநதி ஆகிய இரண்டின் பழைய இதழ்களும் நூலகம் அறக்கட்டளையின் இணையத்தளத்தில் இலவசமாக இருக்கின்றன. மட்டக்களப்பில் இருந்து வந்த மகுடத்தையும் அங்கே தேடிப் பாருங்கள். அனுப்புமுன் குறைந்தது மூன்று இதழ்களை வாசியுங்கள். இந்த நாட்டில் சிற்றிதழ் திடீரென்று நின்று திடீரென்று முளைக்கும். கடைசியாக எந்த மாதம் வந்தது என்று பார்க்காமல் முத்திரை ஒட்டாதீர்கள். கடல் கடந்தால் கணையாழி, காலச்சுவடு போன்றவை இருக்கின்றன. இணையத்தில் சொல்வனமும் மலேசியாவின் வல்லினமும் நம்மவர் கதைகளையும் வெளியிடுகின்றன.

ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு அனுப்ப வேண்டாம். மூன்று மாதம் பதில் வராவிட்டால், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள். முகநூலில் போட்ட கதை வெளிவந்த கதைதான். போட்டிக்கு அதை அனுப்பாதீர்கள்.

கையால் எழுதியதைத் தட்டச்சுக் கடையில் கொடுப்பீர்கள் என்றால், ஒன்று சொல்லிக் கொடுங்கள்: யூனிகோட் எழுத்தில்தான் வேண்டும். நம் பக்கத்தில் பல இடங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் கதை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். எழுத்தின் மேலுள்ள புள்ளியெல்லாம் அரைப்புள்ளியாகிவிடும். ஆசிரியர் அதை மாற்றிக்கொண்டிருக்க மாட்டார், அழித்துவிடுவார். பதில் வரவில்லை என்று நீங்கள் ஆறு மாதம் வாடிக்கொண்டிருப்பீர்கள்.

போட்டிகளுக்கு வருவோம். கலாசார அலுவல்கள் திணைக்களம் பிரதேச செயலகங்கள் ஊடாக நடத்தும் இலக்கியப் போட்டிகளில் சிறுகதைக்கும் இடம் உண்டு. பிரதேசத்தில் வென்றால் மாவட்டம், அங்கிருந்து தேசியம் என்று போகும். கட்டணம் கிடையாது. உங்கள் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள், பெயரையும் கைபேசி எண்ணையும் அவருடைய பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் அறிவித்தல் உங்களுக்கு வந்து சேராது. எத்தனை வருடமாகச் சொல்கிறோம்! நான் போன ஓர் அலுவலகத்தில் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்த தாளின் முடிவுத் திகதி அன்றைக்கு மறுநாள். கடிதம் கொழும்பிலிருந்து பிந்தித்தான் வந்தது என்றார்கள். படிவத்தில் கதை சொந்த ஆக்கம் என்று கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும் என்றும் இருந்தது. வயலும் வெள்ளமும் நிவாரணமும் பார்த்துக் களைத்த ஒரு மனிதர், ஒரு சிறுகதை யாருடையது என்று எந்தச் சாட்சியை வைத்துச் சொல்வார்? பிந்தி வந்த கடிதத்துக்காக முடிவுத் திகதியைத் தள்ளிப்போட ஒருவருக்கும் அதிகாரம் இல்லையாம். எழுதுகிற பிள்ளைகள் இதைப் பார்த்து அலுத்துத்தான் கட்டணம் கேட்கும் தரகனிடம் போகிறார்கள். அவன் வாட்ஸ்அப்பில் வீட்டுக்கே வருகிறானே.

ஞானம் சஞ்சிகை எழுத்தாளர் புலோலியூர் க. சதாசிவத்தின் நினைவாகச் சிறுகதைப் போட்டி நடத்தி வந்திருக்கிறது. அதன் அறிவித்தலும் முடிவும் அதே இதழில்தான் வரும். ஏழு கதைகள் பன்னிரண்டாகி ஒரு தொகுப்புக்குத் தேறும்போது கொடகே பதிப்பகத்தின் கையெழுத்துப் பிரதிப் போட்டியை நினைவில் வையுங்கள், அதில் தமிழுக்கும் பிரிவு உண்டு. அச்சான நூலுக்குத்தான் அரச சாகித்திய விருதும் கிழக்கு மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தின் நூற்பரிசும். இப்போதைக்கு அவை உங்கள் கவலை இல்லை.

எந்தப் போட்டியானாலும் சென்ற முறை முடிவு எங்கே அச்சில் வந்தது என்று கேளுங்கள். உண்மையான போட்டிக்காரர் பத்திரிகைத் துண்டை அனுப்புவார். மற்றவர் உங்கள் திறமையைப் புகழத் தொடங்குவார். நிபந்தனைகளில் ஆக்கத்தின் சகல உரிமையும் ஏற்பாட்டாளருக்கே என்ற வரி இருந்தால் விலகிக்கொள்ளுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, எழுதிய கணத்திலிருந்து கதை உங்களுடையது. எங்கும் பதிய வேண்டியதில்லை.

கேள்வியோடு நீங்கள் அனுப்பிய கதையையும் வாசித்தேன். சூடடிக்கிற இரவில் வயல் வாடிக்குள் தகப்பனும் மகளும் பேசாமல் இருக்கும் இடம் நன்றாக வந்திருக்கிறது. வட்டை, வாடி, போடியார் என்ற நம் ஊர் வயற் சொற்களுக்கெல்லாம் அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதியிருக்கிறீர்கள். அத்தனை அடைப்பையும் எடுத்துவிடுங்கள். தகப்பன் கையிலுள்ள வைக்கோலைப் பார்த்தாலே வாசகருக்கு இடம் விளங்கும். வயற் சொந்தக்காரரான போடியார் வந்து நியாயம் பேசும் கடைசிப் பத்தியையும் எடுங்கள். அப்போது 1400 சொல் அளவில் நிற்கும். தட்டச்சுக்கும் தபாலுக்கும் 2500 ரூபாயில் ஒரு பங்கு போதும். வெள்ளிக்கிழமை தபால் கந்தோருக்குப் போங்கள், மேல் உறையில் 'சிறுகதை' என்று எழுதி ஒரு ஞாயிறு மலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும்.