கழற்றியவர் அப்பா, பூட்டப்போவது நான்

பட்டறைப் பக்கம் – வாசகர் கேள்விகள்

கேள்வி: என் அப்பாவின் 1972 மாடல் புல்லட் 350. எட்டு வருடத்துக்கு முன் எஞ்சினை முழுசாகக் கழற்றிப் போட்டார், பூட்டுவதற்குள் தவறிவிட்டார். மூன்று தகரப் பெட்டிகளில் சாமான்கள் கிடக்கின்றன. சர்வீஸ் மேனுவல் வாங்கினேன். எங்கே பார்த்தாலும் 'கழற்றியதற்கு எதிர் வரிசையில் பூட்டவும்' என்கிறது. நான் கழற்றவே இல்லையே! எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, நாற்பது வருடமாக இந்த வண்டியைக் கையில் வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. கழற்றியவனே பூட்டுவான் என்று நினைத்து எழுதிய புத்தகம்தான் சர்வீஸ் மேனுவல். அதை இப்போதைக்கு மூடி வையுங்கள். உங்களுக்கு முதலில் வேண்டியது பார்ட்ஸ் கேட்டலாக். ஒவ்வொரு பாகத்தையும் பிரித்துப் பிரித்து, எது எதற்குள் போகிறது என்று படமாகப் போட்டிருக்கும். தரையில் பழைய வேட்டியை விரித்து, அந்தப் படம் எப்படியோ அப்படியே சாமான்களை அடுக்குங்கள். எது குறைகிறது, எது இரண்டாக இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். இதற்கு ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

நீங்கள் அனுப்பிய புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சில நட்டுகள் அவற்றின் ஸ்டட்டிலேயே (எஞ்சினில் நிற்கும் மரைக்கம்பி) திரும்ப மாட்டியிருக்கின்றன. வாஷர்களைக் கம்பியில் கோத்து முடிச்சுப் போட்டிருக்கிறது. அது அப்பாவின் கைவேலை. எந்த மேனுவலிலும் இல்லாத குறிப்பு அது. மண்ணெண்ணெயில் கழுவும்போது ஒவ்வொரு கோவையையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டுக் கழுவுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டிவிடாதீர்கள்.

ஸ்பேனர் விஷயம். என்ஃபீல்டு இந்தியா 1955-ல் மெட்ராஸில் தொடங்கியது. திருவொற்றியூரில் செய்த புல்லட் அச்சு அசல் ஆங்கிலேய வண்டி. பழைய எஞ்சின்களில் நட்டுகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவில்தான் இருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிப்போகும். சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடிப்பாருங்கள்.

அடுத்து க்ராங்க், அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு. பிஸ்டனையும் க்ராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடை உச்சிக்குக் கொண்டுவந்து, இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம். மேலும் கீழும் ஆட்டம் தட்டுப்பட்டால், ராடின் க்ராங்க் பக்கத்து பேரிங்கான பிக் எண்ட் தேய்ந்திருக்கிறது. அதை வீட்டில் தொடவே வேண்டாம். ஃப்ளைவீலைப் பிரித்து அழுத்திச் சேர்த்து, கோணாமல் ஓடுகிறதா என்று பார்ப்பது லேத் பட்டறைக்காரர் வேலை. சிலிண்டரையும் அவரிடமே கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். இதன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 90. தேய்மானத்தைப் பார்த்து ரீபோர் போட்டு உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்குவதா, ரிங் மட்டும் மாற்றுவதா என்று அவரே சொல்லிவிடுவார்.

இனி நான் சொல்வதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். வலதுபக்க டைமிங் கவரின் உட்புறம், க்ராங்க் ஷாஃப்டின் முனை வந்து உட்காரும் இடத்தில் ஒரு சின்ன வளையம் இருக்கும். பழைய எஞ்சினில் அது கார்க். விரல் நுனியில் அடங்கிவிடும். பம்ப் தள்ளும் எண்ணெய் அந்த வளையத்தைத் தாண்டித்தான் ஷாஃப்டுக்குள் நுழைந்து பிக் எண்டுக்குப் போகிறது. வளையம் காய்ந்து சுருங்கியிருந்தால் எண்ணெய் பக்கவாட்டில் கசிந்துவிடும், பிக் எண்ட் பட்டினி கிடக்கும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. தொழிலுக்கு வந்த புதிதில், பார்க்க நன்றாக இருக்கிறதே என்று பழைய கார்க்கையே வைத்து ஒரு எஞ்சினைப் பூட்டினேன். ஓட்டிச் சென்றவர் மேலூர் தாண்டுவதற்குள் வண்டி இறுகி நின்றுவிட்டது. அவருடைய ஆறு மாதச் சேமிப்பு அந்த எஞ்சினில் போயிருந்தது. இன்றுவரை அந்த வளையத்தைப் புதிதாக மாற்றாமல் ஒரு டைமிங் கவரையும் நான் மூடியதில்லை.

அதே இடத்தில் இன்னொன்று. எண்ணெய்ப் பம்பைச் சுழற்றும் வார்ம் என்ற திருகுப்பல், ஷாஃப்ட் முனையில் இடமரையில் ஏறும். வலப்பக்கம் திருப்பினால் கழலும். வழக்கமான நட் என்று நினைத்து பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். வால்வு திறக்கும் நேரத்தை அமைக்கும் கேம் பற்சக்கரங்களைப் பூட்டும்போது புள்ளியும் கோடும் மேனுவல் படத்தில் உள்ளபடி எதிரெதிரே சேர வேண்டும். இங்கேதான் மேனுவலைத் திறக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். ப்ளக்கைக் கழற்றிவிட்டு நிதானமாகக் கிக் செய்யுங்கள். ஹெட்டில் வால்வை அழுத்தும் ராக்கருக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் போல்ட்டை லேசாகத் தளர்த்திவைத்தால் அங்கே எண்ணெய் துளிர்க்கும். துளிர்க்கும்வரை கிக் செய்துகொண்டே இருங்கள். கால் வலித்தால் உட்கார்ந்துவிட்டு மறுபடி.

கேள்வி: புல்லட்டில் வால்வை இயக்கும் டேப்பெட்டுக்கு இடைவெளியே வேண்டாம் என்கிறது மேனுவல். எங்கள் ஊர் மெக்கானிக் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துக் கொஞ்சம் விட்டுத்தான் பூட்டுகிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், கரூர்

பதில்: மேனுவல்தான் சரி. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும்; பிஸ்டன் கம்ப்ரெஷன் உச்சியில் நிற்க வேண்டும். அப்போது டேப்பெட்டின் மேல் நிற்கும் புஷ் ராட் இரு விரலால் உருட்டினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. பிடித்து நிறுத்த ஒன்று, லாக் நட்டுக்கு ஒன்று, திருப்ப ஒன்று என்று மூன்று மெல்லிய ஸ்பேனர் வேண்டும். லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி உருட்டிப் பாருங்கள். இறுக்கும்போது அளவு மாறிவிடும்.