யாழ்ப்பாணத்தில் வயதானவர்களை வீட்டில் போய்ப் பராமரிக்கும் வேலை எப்படியிருக்கும்?

கேள்வி கேட்டவர், "சமைத்துக் கொடுத்து, குளிப்பாட்டி, குளிசை கொடுத்தால் சரிதானே?" என்றும் கேட்டிருக்கிறார். இந்த வேலையில் இருக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அது போதாது. எல்லாவற்றையும் நாங்களே செய்தால் வேலை கெதியாக முடியும். ஆனால் அந்த மனிதர் கொஞ்சங் கொஞ்சமாகக் கட்டிலோடு ஒட்டிவிடுவார். அவரால் இயன்றதை அவரே செய்ய விட்டு, இயலாத இடத்தில் மட்டும் கை கொடுக்க வேண்டும்.

கோண்டாவில் பக்கம் ஒரு அம்மாவைப் பார்க்கிறேன். பிள்ளைகள் கனடாவில், இவர் தனியே. பாரிசவாதம் வந்து இடது பக்கம் இயலாது. சட்டை போடும்போது முதலில் இயலாத கை, பிறகு நல்ல கை. கழற்றும்போது நல்ல கையில் தொடங்க வேண்டும். இந்த ஒழுங்கு பிடிபட்ட பிறகு அவரே போடுகிறார். தெறி பூட்டத்தான் கன நேரம் எடுக்கும். பூட்டிவிட எனக்குக் கை துடிக்கும், ஆனாலும் பேசாமல் நிற்பேன். புட்டுக்கு மாக் குழைப்பதும் அவர்தான், ஒற்றைக் கையால். சட்டி வழுக்காமல் அடியில் ஈரத்துணி விரித்து வைப்பேன். தேங்காய் துருவுவது மட்டும் நான். ஊன்றுதடியை நல்ல கையில்தான் பிடிக்க வேண்டும், பலர் இயலாத பக்கத்தில் கொடுத்துவிடுகிறார்கள்.

எங்கள் பழைய வீடுகளில் கக்கூஸ் வளவின் பின்பக்கம் இருக்கும், குளிப்பது கிணற்றடியில். பாசி பிடித்த சீமெந்தில் இரவில் வழுக்கினால் இடுப்பெலும்பு போய்விடும். வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் அந்த வழியைப் பாருங்கள். பாசியைத் தேய்த்து, லைற் போட்டு, பிடித்து நடக்க ஒரு கம்பி அடிக்கச் சொல்லுங்கள். இரவுக்குக் கட்டிலடியில் கொமட் கதிரை, அதாவது இருந்தபடியே மலசலம் கழிக்கும் கதிரை, இருந்தால் நல்லது.

சீனி வருத்தக்காரர் என்றால் பாதத்தைத் தினமும் பாருங்கள், புண் வந்தாலும் அவருக்கு நோகாமல் இருக்கலாம். திடீரென்று வியர்த்து நடுங்கினால் சீனி இறங்கியிருக்கலாம். நல்ல நினைவோடு இருந்தால் உடனே சீனி கரைத்த தண்ணீர் கொடுக்க வேண்டும், நினைவு தடுமாறினால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, வைத்தியசாலைதான். படுக்கையில் இருப்பவரை 2 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பிலும் குதியிலும் புண் வரும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, "காசு தாறம்தானே, அம்மாவை ஏன் வேலை செய்ய விடுறியள்?" என்பார்கள். பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஏன் விடுகிறோம் என்று ஆறுதலாக விளக்குங்கள், ஆனால் விட்டுக்கொடுக்காதீர்கள். சில வீடுகளில் முற்றம் கூட்டுவதிலிருந்து விருந்தாளிக்குச் சமைப்பது வரை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது நியாயமே இல்லை. சம்பளம், லீவு, இரவில் தங்குவதா என்பதையெல்லாம் முதல் நாளே பேசிவிடுங்கள். தேசிய தொழிற் தகைமை (NVQ) என்ற அரச சான்றிதழின் 3ஆம் மட்டத்தில் பராமரிப்பாளர் பயிற்சி இருக்கிறது. அதை முடித்துவிட்டுப் போனால், சம்பளம் கேட்கும்போது உங்கள் கை ஓங்கியிருக்கும்.