இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓர் அம்மன் கோயில்

ஐயா, வணக்கம்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, வயல்களுக்கு அப்பால் ஓர் அம்மன் கோயில் இருக்கிறது. மார்கழியில் காலை நாலரை மணிக்கு அங்கே பாட்டுப் போட்டால் எங்கள் வாசலில் கட்டியதுபோல் கேட்கிறது. நடுப்பகலில் அதே ஒலிபெருக்கியிலிருந்து ஒரு முணுமுணுப்புகூட வருவதில்லை. காற்றுதான் கொண்டுவருகிறது என்கிறேன் நான். விடியலில் வேறு சத்தம் இல்லை, அதனால்தான் கேட்கிறது என்கிறான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன். யார் சொல்வது சரி? இன்னொன்று. ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகிறதாம். அந்த வேகத்தில் காற்று வந்து மோதினால் காது தாங்குமா?

ர., தஞ்சாவூர் மாவட்டம்

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். கூரையைப் பிய்த்தெறியும் புயலே நொடிக்கு ஐம்பது, அறுபது மீட்டர்தான். 340 என்றால் காது மட்டுமல்ல, வீடே மிஞ்சாது. நல்லவேளையாகக் காற்று வருவதில்லை.

ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போது சரக்கு ரயில் புறப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். இன்ஜின் இழுத்ததும் முதல் கொக்கி டங்கென்று இறுகும். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. அந்த டங்டங் கார்டு பெட்டிவரை ஓடி முடிக்கும்போது, கடைசி வேகன்கள் ஒரு சாண்கூட நகர்ந்திருக்காது. ஓடியது இழுப்பு மட்டும்தான். ஒலியும் அப்படியே. ஒலிபெருக்கிக்குள் இருக்கும் தகடு முன்னே தள்ளினால் எதிரிலுள்ள காற்று நெருங்குகிறது, பின்வாங்கினால் விலகுகிறது. அந்த நெருக்கமும் விலகலும்தான் உங்கள் வாசலுக்கு வருகின்றன. காற்று நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுகிறது. நொடிக்கு 1000 அதிர்வுள்ள ஓர் ஒலி, எதிரே உட்கார்ந்து பேசுகிறவரின் குரலளவுக்குக் கேட்டால், அந்த ஆட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு. எத்தனையோ முறை கணக்குப் போட்டும் இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இனி வழக்கு. மகன் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. நானும் மாணவனாக இருந்தபோது அதே விடையை எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். ஆனால் சித்திரை வெயிலில், ஊரே உறங்கும் மதியம் இரண்டு மணிக்கும் அமைதிதானே? அப்போது ஏன் கேட்பதில்லை?

விடை வெப்பத்தில் இருக்கிறது. காற்று எவ்வளவு சூடோ, ஒலிக்கு அவ்வளவு வேகம். 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், 30 டிகிரியில் 349. மார்கழி இரவில் தரை குளிர்ந்துவிடுகிறது, அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. தென்னைக்கு மேலே உள்ள காற்று அதைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கும். ஆகவே அலையின் மேற்பகுதி வேகமாகவும் அடிப்பகுதி மெதுவாகவும் போகிறது. மாட்டு வண்டியின் ஒரு சக்கரம் மணலில் இறங்கினால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும்? மணல் பக்கம்தான். ஒலியும் மெதுவான பக்கத்துக்கு, அதாவது தரையை நோக்கி, வளைகிறது.

உங்கள் ஊருக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐம்பது மீட்டர் உயரத்தில் இரண்டரை டிகிரி சூடு கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே போகும் ஒலிக்கும் கீழே போகும் ஒலிக்கும் நொடிக்கு ஒன்றரை மீட்டர்தான் வித்தியாசம். அது போதும். கோயிலிலிருந்து சற்றே மேல்நோக்கிக் கிளம்பிய ஒலி சுமார் 45 மீட்டர் எழும்பி, வழியிலுள்ள தோப்பையும் கூரைகளையும் தாண்டி, சரியாக இரண்டு கிலோமீட்டரில் இறங்குகிறது. வானத்தில் தொலைந்திருக்க வேண்டிய பாட்டு அது.

பகலில் எல்லாம் தலைகீழ். தரை கொதிக்கிறது, அடிக்காற்றில் ஒலி வேகமாகப் போகிறது, அலை மேல்நோக்கி வளைகிறது. நிழல் விழுவதுபோல உங்கள் வீடு ஒலி எட்டாத இடத்தில் மாட்டிக்கொள்கிறது. நடுப்பகல் பாட்டைக் கேட்பது பருந்துகள்தான்.

உங்கள் கட்சி தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். நொடிக்கு ஐந்து மீட்டர் வீசும் காற்று ஒலியைச் சுமந்து வந்தால் மிச்சமாவது பத்தில் ஒரு நொடிகூட இல்லை. ஆனால் மரமும் வரப்பும் தடுப்பதால் தரையருகே காற்று மெல்ல வீசுகிறது, மேலே விரைவாக வீசுகிறது. கோயில் பக்கமிருந்து வீசினால் அதே மாட்டு வண்டிக் கதைதான். ஒலி கீழே வளைகிறது. எதிர்க்காற்றில் மேலே ஏறிவிடுகிறது. காற்றின் இந்த வேலையை 1857இல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் விளக்கினார். வெப்பத்தின் வேலையை 1874இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற இன்னொரு அறிவியலாளர் எழுதினார்.

(இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டிலிருந்தே விதி இருக்கிறது. அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.)

தந்தையும் மகனும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். மேகம் மூடிய இரவில் தரை அவ்வளவாகக் குளிராது. ஆகவே தெளிந்த வானமும் பனியுமாக விடியும் நாளையும் மேகமூட்டமான விடியலையும் தனித்தனியே குறித்துவாருங்கள். காற்று எந்தத் திசை என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். தை பிறந்ததும் அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள்.