பாகத்தில் வந்த விளை: பங்குனிக் கேள்விகளும் பதில்களும்

வெயில் ஏறி, மாவில் காய் பிடிக்கும் இந்த நாட்களில் எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் பழைய வீட்டு விளைகளை, அதாவது வீட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களைப் பற்றியவை. குமரி மாவட்டத்திலும், எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை வரையிலும், சொத்து பாகம் பிரிந்து அடுத்த தலைமுறையின் கைக்கு வந்துகொண்டிருக்கிறது. விற்றுவிடாமல் திருத்த வேண்டும் என்று பலர் நினைக்கிறீர்கள். அதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். சில கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில்.

அம்மா இறந்த பிறகு 32 சென்ட் விளை எனக்கு வந்தது. ஐந்தாறு வருடமாக யாரும் பார்க்கவில்லை, ஒரே காடு. ஜேசிபி விட்டு நிரப்பாக்கி, புதிதாகத் தொடங்கலாம் என்கிறார் கணவர். சரிதானா? (குலசேகரம்)

வேண்டாம். தயவுசெய்து இந்தக் கோடையில் இயந்திரத்தை உள்ளே விடாதீர்கள்.

முதல் காரணம் மண். உங்கள் பக்கம் சரளைக்கல் கலந்த செம்மண். மேலே இருக்கும் நல்ல மண் மெல்லிய அடுக்குதான். அதைச் சுரண்டிவிட்டு நிலத்தை வெறுமையாக விட்டால், மிச்சத்தை இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) ஓடைக்கு இழுத்துப் போய்விடும்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இப்போது உங்கள் கண்ணுக்குத் தெரிவது பாதி விளைதான். காச்சில் (காவள்ளிக் கிழங்கு), மஞ்சள், இஞ்சி, கூவைக் கிழங்கு எல்லாம் தை, மாசியில் மேலே காய்ந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். சித்திரையில் இரண்டு நல்ல கோடை மழை விழுந்ததும் முளைத்து வரும். உங்கள் அம்மா எங்கே எதை வைத்தார் என்று அப்போதுதான் தெரியும். அதுவரை ஒரு நோட்டும் கொஞ்சம் மரக்குச்சிகளும் போதும். வாரம் ஒரு தடவை நடந்து பாருங்கள். முளை கண்ட இடத்தில் குச்சி நட்டு, எந்த மூலையில் எத்தனை மணிவரை வெயில் விழுகிறது என்றும் எழுதி வையுங்கள்.

அப்புறம், இப்போதே செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. பட்டுப்போன தென்னை நின்றாலும் கிடந்தாலும் அப்புறப்படுத்துங்கள். மட்கும் தடியில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். மாவிலும் பலாவிலும் புல்லுருவி இருந்தால், அதை மட்டும் பிய்த்தால் திரும்பத் துளிர்க்கும். அது ஒட்டியிருக்கும் இடத்துக்கு ஓர் அடி உள்ளே தள்ளிக் கிளையோடு வெட்டுங்கள். பிளாஸ்டிக், உடைந்த ஓடு, கண்ணாடி எல்லாவற்றையும் பொறுக்குங்கள். சருகை எரிக்கவே கூடாது. மரத்தடியில் கூட்டிப் போடுங்கள். நாலைந்து இடத்தில் மண் எடுத்துக் கலந்து பரிசோதனைக்குக் கொடுங்கள், திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் வழி சொல்வார்கள். இந்த மண் பெரும்பாலும் புளிப்பாக இருக்கும். எவ்வளவு சுண்ணாம்பு போடுவது என்பதை அந்த முடிவு வந்த பிறகு தீர்மானியுங்கள்.

முதல் வருடம் கிணற்றடியையும் அடுக்களைப் பக்கத்தையும் மட்டும் திருத்துங்கள். மற்றதை அடுத்த மாசியில் பார்க்கலாம்.

தாத்தா வைத்த ஆறு தென்னைகள். ஓலை மஞ்சளித்து, காய் குறைந்துவிட்டது. இப்போது உரம் போட்டால் தேறுமா? (பாறசாலை)

முதலில் ஓலையைக் கவனியுங்கள். கீற்றுகள் விலா எலும்பு போல உள்நோக்கி வளைந்திருந்தால் வேர் வாடல் நோயாக இருக்கலாம். 1882 வெள்ளத்துக்குப் பிறகு கோட்டயம் பக்கம் ஈராற்றுப்பேட்டையில் முதலில் கவனிக்கப்பட்ட நோய் இது. பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருகிறது, பூச்சிகள் வழியாகப் பரவுகிறது. குணப்படுத்தும் மருந்து இல்லை. யாராவது வேரில் ஊசி போட்டு மாற்றித் தருகிறேன் என்றால் பணம் கொடுக்காதீர்கள். நோய் முற்றி வருடத்துக்குப் பத்துக் காய்கூடத் தராத மரத்தை எடுத்துவிடலாம். மற்றவை நல்ல கவனிப்பில் இன்னும் பல வருடம் காய்க்கும். புதுக் கன்றுக்குக் காயங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கல்பரக்ஷா, கல்பஸ்ரீ என்ற ரகங்களைப் பற்றிக் கேளுங்கள்.

கீற்று வளையாமல் அடி ஓலைகள் மட்டும் மஞ்சளித்திருந்தால் பசியாக இருக்கலாம். அப்படியானாலும் காய்ந்த மண்ணில் ரசாயன உரம் போட வேண்டாம். இப்போது தடியைச் சுற்றி ஆறடி தூரம் வரை தடம் (வட்டப் பாத்தி) எடுத்து, கதம்பையை (தேங்காய் மட்டையை) முதுகுப்புறம் மேலே தெரியும்படி பரப்புங்கள். மழை பிடித்து மண் நனைந்ததும் உரம். ஒரு மரத்துக்கு வருடத்துக்கு 50 கிலோ தொழுஉரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ். ரசாயன உரங்களை ஆனியில் பாதி, மார்கழியில் பாதி என்று பிரித்துக் கொடுங்கள்.

சேனை நட இப்போதும் நேரம் இருக்கிறதா? (கருங்கல்)

"கும்பத்தில் நட்டால் குடத்தோளம், மீனத்தில் நட்டால் மீன்கண்ணோளம்" என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். கும்பம் என்பது மாசி, அப்போது நட்டால் கிழங்கு குடம் அளவு; மீனம் என்பது பங்குனி, அப்போது நட்டால் மீன்கண் அளவு. மாசிதான் நல்ல காலம். ஆனாலும் நனைக்கத் தண்ணீர் இருந்தால் பங்குனி முதல் பாதியிலும் நடலாம். அரைக் கிலோவுக்குக் குறையாத துண்டு, ஒவ்வொன்றிலும் நடுமுளையின் ஒரு பங்கு இருக்க வேண்டும். சாணிப்பாலில் முக்கி நிழலில் உலர்த்தி நட்டு, மேலே சருகு கனமாகப் போடுங்கள்.

அயனி (காட்டுப்பலா) மரத்தில் படர்ந்த பழைய நல்லமிளகுக் கொடி மேலே மட்டும் காய்க்கிறது. பிடுங்கிவிட்டுப் பன்னியூர் ரகம் வைக்கலாமா? (திற்பரப்பு)

பிடுங்காதீர்கள். பன்னியூர் 1 நல்ல வெளிச்சம் கேட்கும், அயனி நிழலில் உங்களை ஏமாற்றிவிடும். உங்களிடம் இருப்பது நிழல் தாங்கும் கரிமுண்டா ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதையே பெருக்குங்கள். அடியில் தரையோடு ஓடும் கொடியை இப்போது வெட்டி, இரண்டு மூன்று கணு வீதம் பைகளில் வையுங்கள். மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, தொழுஉரம் ஒன்று. நிழலில் வைத்து நனைத்து வந்தால் மழை தொடங்கும்போது வேர் பிடித்திருக்கும். மரத்தின் வடக்குப் பக்கம், ஓர் அடி தள்ளி நடுங்கள். சித்திரை கடைசியில் அயனியின் தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிடுங்கள். கொடி மூட்டில் தண்ணீர் மட்டும் தேங்கவே கூடாது, வாட்டம் வருவது அப்படித்தான்.

விளையின் கன்னிமூலையில் (தென்மேற்கு மூலையில்) நாகர் காவு, அதாவது நாகங்களுக்கு விட்ட மரக்கூட்டம், முழுக்கப் புதர். குழந்தைகள் இருக்கும் வீடு, வெட்டிவிடலாமா? (தக்கலை)

பயம் புரிகிறது. ஆனால் பாம்பை வீட்டருகே கொண்டுவருவது எலிதான். எலிக்கு இடம் கொடுப்பது அடுக்களைச் சுவரோடு குவித்த விறகும் கதம்பையும். அவற்றைத் தள்ளி வையுங்கள், காவுக்கும் வீட்டுக்கும் நடுவே பத்தடி சுத்தமாக இருக்கட்டும், இரவில் டார்ச் இல்லாமல் இறங்க வேண்டாம். காவின் மரங்களைத் தொடாதீர்கள். இத்தனை வருடம் கோடாலி படாத மண் உங்கள் விளையில் அந்த மூலை மட்டும்தான். மழைநீர் நன்றாக உள்ளே இறங்குவதும் அங்கேதான். அங்கே எடுக்க வேண்டியது மரங்களை மூடிப் படரும் மைக்கானியா கொடி. கோடை மழைக்குப் பின் மண் இளகியதும் வேரோடு இழுங்கள். ஒரு கணு கிடந்தாலும் வேர்விடும், துண்டுகளைப் பொறுக்கி வெயிலில் காயப் போடுங்கள்.

மாமரம் கூரைமேல் சாய்கிறது, இப்போது வெட்டலாமா? (செங்கோட்டை)

ஆபத்தான கிளையை மட்டும் இப்போது. மற்றதெல்லாம் காய் பறித்த பிறகு.

தென்னைகளுக்கு நடுவே மட்டி வாழை வருமா? (கொல்லங்கோடு)

தென்னைகளுக்கு இடையே 25 அடி இருந்து, பாதி நாள் வெயில் விழுந்தால் வரும். நெருக்கமாக இருந்தால் குலை சிறுக்கும். 2023ல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர் வாழை, எல்லா விளையிலும் இரண்டு மூடாவது (வாழையாவது) நிற்க வேண்டும் என்பது என் ஆசை. குலை தள்ளி நீங்கள் கண்ணால் பார்த்த மரத்தின் அடியிலிருந்து, இலை ஒடுங்கிய ஈட்டிக் கன்றாக எடுங்கள். உச்சியில் இலைகள் குறுகிக் கொத்தாக நிற்கும் மூடு ஒன்று அங்கே இருந்தாலும் அந்த விளையிலிருந்து கன்று வாங்க வேண்டாம், அது முடிக்கொத்து நோய். கன்றின் பழைய வேர்களைச் சீவிவிட்டு, மழை தொடங்கியதும் நடுங்கள்.