பர்மிங்காமிலிருந்து ஒரு நாள் போய்வர ஷ்ரூஸ்பரி சரியான ஊரா? வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். எனக்கு முன்னால் பதில் எழுதியவர், "பழைய வீடுகளும் ஓர் ஆறும்தான், அரை நாளே அதிகம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதைப் படித்த பிறகுதான் எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. அவருக்குப் பிடிக்காமல் போயிருக்கலாம், அது அவர் விருப்பம். ஆனால் நான் ஆற்காட்டில் பிறந்தவள். எனக்கு அந்த ஊரை அப்படி ஒரு வரியில் தள்ள முடியாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. பெற்றோர் வந்து ஒரு மாதமாவது ஆகியிருக்கும். லண்டன் முடிந்திருக்கும், டிவிடேல் பாலாஜி கோவிலுக்கு இரண்டு முறை போய் வந்திருப்பீர்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. எங்கள் வீட்டிலும் இதேதான். இரண்டு வருடத்துக்கு முன்பு மே மாதம் ஒரு சனிக்கிழமை, கணவருக்கு வேலை இருந்ததால், நான், என் எட்டு வயது மகன், அப்பா, அம்மா நான்கு பேரும் ரயிலில் போனோம். நியூ ஸ்ட்ரீட்டிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். காரில் போனால் பார்க்கிங் தேடவே நேரம் போய்விடும், ஊரின் தெருக்கள் அவ்வளவு குறுகல்.

ரயில் நிலையத்திலேயே அவசரப்படாமல் நின்று பாருங்கள். 1848இல் கட்டியது, முகப்பு அரண்மனை மாதிரி இருக்கும். நடைமேடைகளின் ஒரு பகுதி செவர்ன் ஆற்றின் மேலேயே நிற்கிறது. பக்கத்தில் செங்கல்லால் கட்டிய பெரிய சிக்னல் கேபின் ஒன்று உண்டு, 180 லீவர்களுக்கு (தண்டவாளத்தையும் சிக்னலையும் மாற்ற இழுக்கும் நெம்புகோல்கள்) இடமுள்ளது. கையால் லீவர் இழுத்து இன்றும் இயக்கும் கேபின்களில் உலகிலேயே பெரியது அதுதான். என் பெரியப்பா ஜோலார்பேட்டையில் ரயில்வே கேபினில் இருந்தவர். அப்பா அங்கேயே நின்று அவருக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினார். பெரியப்பாவுக்குக் குரல் தழுதழுத்துவிட்டது. நாங்கள் ஊருக்குள் போக அரை மணி தாமதமானது, பரவாயில்லை.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மேட்டின் மேல் செந்நிறக் கல்லில் கோட்டை. அதற்கு எதிரே பழைய ஷ்ரூஸ்பரி பள்ளிக் கட்டடம், இப்போது நூலகம். வாசலில் சார்லஸ் டார்வின் உட்கார்ந்திருக்கும் வெண்கலச் சிலை, 1897இல் வைத்தது. டார்வின் 1809இல் இந்த ஊரில்தான் பிறந்தார், இந்தப் பள்ளியில்தான் ஏழு வருடம் படித்தார். தன் மனம் வளர்வதற்கு அந்தப் பள்ளியை விட மோசமான ஒன்று இருந்திருக்க முடியாது என்று பிற்காலத்தில் எழுதினார். அப்பா 31 வருடம் வரலாற்று ஆசிரியராக இருந்தவர். இதை நான் சொன்னதும், "அப்படி எழுதினவனுக்கே வாசல்ல சிலை வெச்சிருக்காங்க பாரு, அது பெரிய மனசு" என்றார்.

அங்கிருந்து சந்துகள் வழியாக நடந்து சதுக்கத்துக்குப் போகலாம். இரண்டு வீடுகளுக்கு நடுவே நுழைந்து போகும் அந்தச் சந்துகளை ஊர்க்காரர்கள் 'ஷட்' என்கிறார்கள். கறுப்பு மரச் சட்டமும் வெள்ளைச் சுவருமாக மேல்மாடிகள் தெருவின் மேல் சாய்ந்து நிற்கும். ஊரில் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் மட்டும் 660க்கு மேல். கல் பாவிய தரை என்பதால் அம்மாவுக்குக் கனமான அடிப்பாகம் உள்ள செருப்பு போடச் சொல்லுங்கள், என் அம்மா மெல்லிய ரப்பர் செருப்போடு வந்து மிகவும் கஷ்டப்பட்டார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். சதுக்கத்தில் 1596இல் கட்டிய பழைய கல் சந்தை மண்டபம் இருக்கிறது. அதன் முன்னால் நிற்பவர் ராபர்ட் கிளைவ். பள்ளிப் புத்தகத்தில் பிளாசிப் போருக்காக எல்லோரும் படித்த அதே கிளைவ். ஷ்ராப்ஷர் மாவட்டத்துக்காரர், 1762இல் இந்த ஊரின் மேயர், சாகும் வரை இந்த ஊரின் பாராளுமன்ற உறுப்பினர். சிலை வைத்தது 1860இல்.

அப்பாவுக்கு அங்கே அவர் சிலை இருப்பது தெரியும். என்னிடம் மட்டும் சொல்லவில்லை. நேராகச் சிலையின் முன்னால் போய் நின்றார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் என் மகனைக் கூப்பிட்டு, "தாத்தா வீட்டுக்கு வந்தா டெல்லி கேட் போவோமே, ஆத்தங்கரையில, ஞாபகம் இருக்கா? அந்தக் கோட்டைக்குள்ள ஐம்பது நாள் இருந்தவர் இவர்தான்" என்று ஆரம்பித்தார்.

ஆற்காட்டுக்காரர்களுக்கு டெல்லி கேட் தெரியும். கோட்டையில் மிச்சம் இருப்பது அந்த வாசல்தான். மேலே உள்ள அறையை கிளைவ் அறை என்பார்கள். 1751இல், ஆற்காட்டு நவாப் பதவிக்கு உரிமை கொண்டாடிய சந்தா சாகிப் திருச்சியை முற்றுகையிட்டிருந்தார். அவர் படையைப் பிரிக்க வேண்டும் என்பதற்காக, 26 வயது கூட நிரம்பாத கிளைவ் சுமார் 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்களோடு வந்து ஆற்காட்டைப் பிடித்தார். சந்தா சாகிப்பின் மகன் ரஸா சாகிப் பெரிய படையோடு வந்து சுற்றி வளைத்தார். கிளைவின் படை ஐம்பது நாள் முற்றுகையைத் தாக்குப்பிடித்தது. கிளைவின் பெயர் இங்கிலாந்து வரை போனது அங்கிருந்துதான். பிளாசி எல்லாம் ஆறு வருடம் கழித்து.

பழைய ஆங்கில நூல்களில் அந்த முற்றுகை பற்றி ஒரு கதை வரும். அரிசி தீரும் நேரத்தில் நம் சிப்பாய்கள் தாங்களாகவே முன்வந்து, "சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும்" என்று சொன்னார்களாம். விசுவாசத்துக்கு உதாரணமாக அதைச் சொல்வார்கள். அப்பா அதையும் பேரனிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "கஞ்சி நம்ம ஊர்ல தினமும் குடிச்சதுதான்டா. பசிச்சவன் கிடைச்சதைக் குடிச்சான். அதைத் தியாகம்னு எழுதிட்டாங்க, குடிச்சவன் ஒருத்தன் பேரையும் எழுதல" என்றார். பையனுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பத்தாம் வகுப்பு வரை அப்பா பாடம் நடத்திய பள்ளியிலேயே படித்தும் அப்பாவின் பாடத்தில் நான் கவனமாக உட்கார்ந்ததில்லை.

அப்பா கேட்டதால் சிலையோடு சேர்த்து ஒரு படம் எடுத்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் ஓர் உறவினர், "அடிமைப்படுத்தியவனோடு போட்டோவா?" என்று எழுதினார். இங்கேயும் யாராவது அதைக் கேட்கலாம், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் கிளைவைப் புகழவில்லை. வங்காளத்திலிருந்து அவர் அள்ளிக்கொண்டு வந்த சொத்தும், 1770இல் அங்கே வந்த பஞ்சமும் எனக்குத் தெரியும். 2020இல் இந்தச் சிலையை எடுக்கச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள், கவுன்சில் வாக்கெடுத்து இருக்கட்டும் என்று முடிவு செய்தது. என்னைக் கேட்டால், எடுத்து அருங்காட்சியகத்தில் வைத்து முழுக்கதையையும் எழுதலாம் என்பேன். அப்பாவோ அது சதுக்கத்திலேயே நிற்கட்டும், வருகிறவர்களிடம் நாம் நின்று சொல்லுவோம் என்கிறார். இதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஐம்பது நாள் முற்றுகையைத் தேதியோடு சொல்லத் தெரிந்த மனிதரை, ஒரு படத்தை மட்டும் பார்த்து அப்படிக் கேட்டது எனக்கு இன்றும் ஆறவில்லை.

இந்த விஷயத்தில் ஆர்வம் இருந்தால் அங்கிருந்து ரயிலில் அரை மணிக்குள் வெல்ஷ்பூல் போய், போவிஸ் கோட்டையில் கிளைவ் குடும்பம் கொண்டு வந்த பொருள்களைப் பார்க்கலாம். திப்பு சுல்தானின் கூடாரம்கூட அங்கே இருக்கிறது. கிளைவின் மகன் எட்வர்ட் சென்னை ஆளுநராக இருந்தபோதுதான் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. ஆனால் அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் வயதானவர்களுக்குத் தாங்காது.

மதியத்துக்கு மேல் ஆற்றங்கரை. வட்டமான செயின்ட் சாட்ஸ் தேவாலயத்தைத் தாண்டி இறங்கினால் குவாரி பூங்கா, அதன் நடுவே டிங்கிள் என்ற பூந்தோட்டம். ஆற்றோரம் லைம் மரங்கள் வரிசையாக நிற்கும் (நம் எலுமிச்சை இல்லை, நிழல் தரும் வேறு மரம்). அங்கே உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைச் சாப்பிட்டோம். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதனால் கூச்சப்படாமல் டப்பாவைத் திறங்கள். பிறகு வெல்ஷ் பாலத்தருகே விக்டோரியா கீ என்ற படித்துறையில் படகு ஏறினோம். 'சப்ரினா' என்று பெயர், செவர்னின் லத்தீன் பெயர் அது. முக்கால் மணி நேரம் போகும். ஆறு ஊரைக் குதிரை லாடம் போலச் சுற்றி ஓடுவதால், படகில் போனால்தான் ஊர் ஏறக்குறைய ஒரு தீவு என்று தெரியும். நடக்க முடியாதவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை.

அம்மா படகில் கையை வெளியே நீட்டித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே வந்தார். எங்கள் வீடு பாலாற்றிலிருந்து பத்து நிமிட நடை. அம்மா கல்யாணமாகி வந்த 40 வருடத்தில் அந்த ஆற்றில் கரை நிறையத் தண்ணீர் பார்த்தது சில முறைதான், கடைசியாக 2021 நவம்பரில். மற்ற நாளெல்லாம் மணல், இப்போது மணலும் குறைந்துவிட்டது. "இது மழைக்காலம் கூட இல்லையே, எப்படிம்மா இவ்ளோ தண்ணி" என்று இரண்டு முறை கேட்டார். வேல்ஸ் மலையிலிருந்து வருகிறது, 354 கிலோமீட்டர், பிரிட்டனின் நீளமான ஆறு என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை, கையை மட்டும் எடுக்கவில்லை.

சம்பந்தம் இல்லாத ஒன்று, ஆனாலும் உங்களுக்குப் பயன்படலாம். அம்மா இந்த நாட்டுக்கு வர வேண்டியது பத்து வருடம் முன்பு, என் பிரசவத்துக்கு. ஊரில் ஒரு விசா ஏஜெண்டிடம் கொடுத்தோம். அவர் வங்கிக் கணக்குத் தாள்களில் பாதியை இணைக்காமலே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார். விசா மறுக்கப்பட்டது. கட்டிய பணம் திரும்பவில்லை, போனையும் எடுக்கவில்லை. நான் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தபோது பத்தியச் சாப்பாடு போட ஆள் இல்லை. வீடியோவில் அம்மா சொல்லச் சொல்லக் கணவர் பூண்டுக் குழம்பு வைத்தார். அடுத்த முறை விண்ணப்பத்தை நானே ஒவ்வொரு வரியாக நிரப்பினேன், கிடைத்தது. பெற்றோருக்கு மறுபடி விசா எடுப்பதாக இருந்தால் ஏஜெண்டிடம் விடாதீர்கள், நீங்களே உட்கார்ந்து செய்யுங்கள்.

சரி, ஊருக்கு வருகிறேன். மழைக்காலத்தில் போவதாக இருந்தால் முதலில் வெள்ள எச்சரிக்கையைப் பாருங்கள். செவர்ன் பெருகினால் ஃப்ராங்க்வெல் கார் பார்க் மூழ்கிவிடும், ஆற்றோர நடைபாதையும் போய்விடும். படகு மார்ச் முதல் அக்டோபர் வரைதான், அதிலும் தண்ணீர் அதிகமானால் ஓடாது. ஊர்ப் பெயரை ஷ்ரூஸ்பரி என்பதா ஷ்ரோஸ்பரி என்பதா என்று உள்ளூர்க்காரர்களுக்குள்ளேயே சண்டை உண்டு, எதைச் சொன்னாலும் வழி காட்டுவார்கள்.

நாங்கள் பார்க்காமல் விட்டது ஃப்ளாக்ஸ்மில். 1797இல் சார்லஸ் பேஜ் வடிவமைத்த, ஆளிச் செடி நாரில் (லினன்) நூல் நூற்ற ஆலை. மரத் தூண் வைத்த ஆலைகள் தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்ததால், தூணும் உத்திரமும் வார்ப்பிரும்பிலேயே போட்டார். உலகில் இரும்புச் சட்டத்தால் கட்டிய முதல் கட்டடம் அதுதான், இன்றைய வானளாவிகளின் மூதாதை என்கிறார்கள். பல வருடம் பாழடைந்து கிடந்ததைப் பழுதுபார்த்து 2022இல் திறந்தார்கள். நிலையத்திலிருந்து இருபது இருபத்தைந்து நிமிடம் நடக்க வேண்டும், அன்றைக்கு அம்மாவின் முழங்கால் அதற்கு இடம் கொடுக்கவில்லை. உங்கள் பெற்றோரால் முடிந்தால் போய்ப் பாருங்கள். உள்ளே லிஃப்ட் வசதி எப்படி, உட்கார இடம் இருக்கிறதா என்று இங்கே கருத்தில் எழுதினால் நல்லது. அப்பா அம்மா அடுத்த கோடையில் மறுபடி வருகிறார்கள்.