சாய்தளத்துக்கு 1:12 என்ற கணக்கு ஏன்?

பொதுக் கட்டடங்களின் வாசலில் படிக்குப் பக்கத்தில் அமைக்கும் சரிவான பாதைதான் சாய்தளம். பல நாட்டு விதிகள் அதற்கு 1:12 என்ற அளவைச் சொல்கின்றன. 1 செ.மீ. உயரம் ஏற 12 செ.மீ. நீளம் வேண்டும். 15 செ.மீ. படி ஒன்றுக்கே 180 செ.மீ. வந்துவிடும்.

இவ்வளவு நீளம் எதற்கு? சக்கர நாற்காலியில் வருபவர் கைகளால்தான் தன் எடையையும் நாற்காலியின் எடையையும் மேலேற்றுகிறார். இரண்டும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1:12 சரிவில் அவரைப் பின்னுக்கு இழுப்பது சுமார் 7.5 கிலோ. அதையே 1:4 என்று செங்குத்தாகக் கட்டினால் கிட்டத்தட்ட 22 கிலோ! நாற்காலி பின்பக்கமாகக் கவிழவும் கூடும். மலைச்சாலையை நேராகப் போடாமல் வளைத்து வளைத்துக் கொண்டுபோவதும் இதே காரணத்துக்குத்தான்: தூரம் கூடினால் பாரம் குறையும்.

அப்புறம், மேலே கதவுக்கு முன்னால் சமதளம் அவசியம். சரிவில் நின்றபடி கதவைத் திறக்கப் போனால் நாற்காலி உருளும்.

‘யாராவது பின்னாலிருந்து தள்ளினால் போதுமே’ என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இந்த அளவு வகுக்கப்பட்டதே, யாரையும் எதிர்பார்க்காமல் ஒருவர் தானாக உள்ளே போய்வர வேண்டும் என்பதற்காகத்தான்.