கச்சான் காற்றிலும் சொக்லேட் விற்கலாம்: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீட்டிலே சொக்லேட், டொபி, தொதல் செய்து விற்கிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே சேர்த்துப் பதில் தருகிறேன்.

காத்தான்குடி: அண்ணன், வீட்டில் கஜு சொக்லேட் செய்கிறேன். கடையில் கண்டோஸும் ரிட்ஸ்பரியும் என்னுடையதை விட மலிவு. எப்படிப் போட்டி போடுவது?

ராத்தா, அந்தப் போட்டிக்கே போகாதீங்க. அவர்கள் தொன் கணக்கில் கொக்கோ வாங்குகிறவர்கள், விலையில் அவர்களை வெல்ல வழியில்லை. பிள்ளை கடைக்கு ஓடிப்போய் வாங்கும் சொக்லேட் அவர்களுடையது. ஒரு வீட்டுக்குக் கையில் கொண்டுபோகும் பெட்டி உங்களுடையதாக இருக்கட்டும்.

இந்தியாவில் கட்பரி செய்ததைப் பாருங்க. அங்கே தீபாவளிக்கு இனிப்பு என்றால் லட்டும் பர்ஃபியும்தான். சொக்லேட் சின்னப் பிள்ளைகளின் தின்பண்டமாகத்தான் இருந்தது. நல்ல செய்தி வந்தால் இனிப்புக் கொடுக்கும் அந்த இடத்தில் சொக்லேட்டைக் கொண்டுவந்து வைத்து, வருடக்கணக்காக விளம்பரம் செய்து, பண்டிகைப் பெட்டிகளும் விட்டார்கள். சொக்லேட்டின் ருசியைப் பற்றிப் பேசியதை விட, அதை யாருக்கு எப்போது கொடுப்பது என்பதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

உங்கள் ஊருக்கு மஸ்கட் இனிப்பு வாங்கவென்றே வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. 12 துண்டு கொண்ட ஒரு பெட்டி செய்யுங்க. கலியாண வீடு, பிள்ளை பிறந்த வீடு, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் முடிவு என்று ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே ஓடர் எடுங்க. பாதிப் பணம் முன்னாலேயே வாங்குங்க. கேட்ட அளவுக்கு மட்டும் செய்தால் மிச்சமும் இல்லை, பழுதும் இல்லை.

இன்னொன்று. நோன்புப் பெருநாள் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்கிறது. அடுத்த சில வருடங்களில் அது பெப்ரவரி, ஜனவரி என்று குளிர்ந்த மாதங்களுக்குள் வரும். சித்திரை வெயிலில் பெருநாள் வந்த காலத்தை விடச் சொக்லேட்டுக்கு இது நல்ல காலம். இப்போதே பெயர் எடுத்து வையுங்க.

களுவாஞ்சிகுடி: கடையில் வைத்தால் உருகுகிறது, பிறகு வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. பூஞ்சணம் என்று கடைக்காரர் திருப்பி அனுப்புகிறார்.

தம்பி, அது பூஞ்சணம் இல்லை. கொக்கோ வெண்ணெய் 34 பாகை அளவில் உருகிவிடும். வைகாசி, ஆனியில் கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும்போது நம்ம பக்கத்துத் தகரக் கூரைக் கடைகளுக்குள் அந்தச் சூடு சாதாரணம். பகலில் இளகி இரவில் இறுகும்போது கொழுப்பு மேலே வந்து வெள்ளையாகப் படிகிறது. விரலால் தடவினால் வழுக்கினால் கொழுப்பு, சொரசொரவென்று இருந்தால் சீனி. பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் வியர்த்து, அந்த ஈரத்தில் சீனி கரைந்து மறுபடி காய்ந்தால் அப்படி வரும். சாப்பிட்டால் கெடுதல் இல்லை, ஆனால் வாங்க வந்தவருக்கு அதையெல்லாம் நின்று விளக்க முடியாது.

அசல் சொக்லேட் என்றால் பதம் சரியா என்று பாருங்க. கறுப்புச் சொக்லேட்டை 45 முதல் 50 பாகை வரை உருக்கி, 27, 28க்கு இறக்கி, திரும்ப 31, 32க்கு ஏற்றி அச்சில் ஊற்ற வேண்டும். அப்படிச் செய்தால்தான் பளபளப்பும் முறிக்கும்போது 'டக்' என்ற சத்தமும் வரும். கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு போட்ட கொம்பவுண்ட் கட்டிக்கு இந்தப் பாடு இல்லை, சூட்டையும் கொஞ்சம் தாங்கும். ருசி ஒரு படி குறைவு. எதைப் பாவிக்கிறீர்களோ அதை லேபலில் உள்ளபடி போடுங்க.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. வருடம் முழுக்க ஒரே சாமானை விற்க நினைக்காதீங்க. மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் (நிலக்கடலை) அல்வா, கஜு டொபி, பனங்கட்டி போட்ட எள்ளுருண்டை என்று வெயில் தாங்குவதை முன்னால் வையுங்க. மழை தொடங்கி நத்தார், தைப்பொங்கல் வரும்போது சொக்லேட்டை இறக்குங்க. 'கார்த்திகை வந்தால்தான் இது கிடைக்கும்' என்று சனம் காத்திருந்தால், அதுவே நல்ல விளம்பரம். வெயில் காலத்தில் சொக்லேட் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் பிரிட்ஜ் உள்ள கடைக்கு மட்டும், காலையில், சூடு புகாத ரெஜிபோம் பெட்டியில், காற்றுப் புகாத உறையில் கொடுங்க.

ஏறாவூர்: கடைகள் 20 வீதம் கமிஷன் கேட்கின்றன, விற்காததைத் திருப்பியும் தருகின்றன. கட்டுப்படியாகுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்டி 600 ரூபா. கடைக்கு 120 போனால் உங்கள் கைக்கு 480. உங்கள் கூலியும் சேர்த்துச் செலவு 350 என்றால் மிச்சம் 130. பத்துப் பெட்டியும் விற்றால் 1,300 ரூபா. ஒன்று பழுதாகித் திரும்பினால் ஒன்பதுக்கு 1,170 வரும், அதில் 350 போய் 820தான் நிற்கும். திரும்பியது ஒரு பெட்டிதான், ஆனால் லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அதனால் கமிஷனுக்காகச் சண்டை பிடிப்பதை விட, குறைவாகப் போட்டு அடிக்கடி நிரப்புங்க. இருபது கடை வேண்டாம், காசு ஒழுங்காகத் தரும் ஐந்து கடை போதும்.

அக்கரைப்பற்று: கொக்கோ விலை ஏறும்போது நிறையைக் குறைக்கலாமா, விலையைக் கூட்டலாமா?

விலையைக் கூட்டுங்க, காரணத்தையும் சொல்லுங்க. 2024இல் மேற்கு ஆபிரிக்காவில் விளைச்சல் கெட்டு, கொக்கோ தொன் 10,000 டொலரைத் தாண்டியது. அப்படி நடக்கும்போது வாடிக்கையாளருக்கு விளங்கும். நிறையைச் சத்தமில்லாமல் குறைத்தால் விளங்காது. 2016இல் பிரித்தானியாவில், முக்கோணத் துண்டுகள் வரிசையாக உள்ள டொப்லரோன் சொக்லேட்டின் 400 கிராம் கட்டியை 360 ஆக்க முக்கோணங்களுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டியது. சனம் கொதித்துப் போனது. 2018இல் பழைய வடிவத்துக்கே திரும்பினார்கள். அவ்வளவு பெரிய கம்பனிக்கே அந்தக் கதி.

அறுகம்பை: கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கிறோம். வெள்ளைக்காரருக்கு எது போகும்?

அவர்கள் ஊரில் கிடைக்காதது போகும். மாத்தளைக் கொக்கோ, நம்ம பக்கத்துக் கஜு, பனங்கட்டி. எங்கிருந்து வந்தது என்பதை ஆங்கிலத்தில் இரண்டு வரியில் எழுதுங்க, அதுவும் உண்மையாக இருக்கட்டும். பெரிய பெட்டி வேண்டாம், அலைச்சறுக்க வருகிறவர் பையில் போடும் அளவுக்குச் சின்னக் கட்டி போதும். உங்கள் சீசன் வெயில் காலம் என்பதால் கோப்பிக் கடைகளின் பிரிட்ஜில்தான் இது இருக்க வேண்டும்.

மட்டக்களப்பு நகரம்: நம்ம ஊர் அடையாளமான பாடும் மீனை லோகோவாகப் போடலாமா?

போடலாம், ஆனால் ஊரில் பாதிப்பேர் அதையே போட்டிருக்கிறார்கள். உங்கள் பெட்டியைத் தூரத்திலிருந்து பார்த்தே அடையாளம் காணவேண்டும். ஒரு நிறத்தைப் பிடித்து, பத்து வருடத்துக்கு மாற்றாமல் இருங்க.

சம்மாந்துறை: லேபல், ஹலால், பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) எல்லாம் சின்ன ஆட்களுக்கும் வேண்டுமா?

வேண்டும். சேர்மானம், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, விலை, உங்கள் முகவரி எல்லாம் இருக்கவேண்டும். சீனி, உப்பு, கொழுப்புக்கான நிறக் குறியும் உண்டு. உங்கள் பகுதிப் பீஎச்ஐயிடம் முதலே போய்க் கேளுங்க, அவர் தேடி வரும்வரை இருக்காதீங்க. ஹலால் சான்றிதழ் கட்டாயம் இல்லை, ஆனால் அதை எடுக்கும்வரை அந்தக் குறியைப் போடவே கூடாது. ஜெலட்டின் பாவித்தால் எதிலிருந்து எடுத்த ஜெலட்டின் என்று எழுதுங்க.

2003இல் மகாராஷ்டிராவில் கட்பரி சொக்லேட்டில் புழு கண்டுபிடித்தபோது விற்பனை விழுந்தது. அவர்கள் உறையையே மாற்றி, நன்றாக ஒட்டி அடைத்து, அமிதாப் பச்சனை வைத்து விளம்பரம் செய்துதான் நிமிர்ந்தார்கள். நம்மிடம் அமிதாப் இல்லை. ஆகவே உறையை முதலிலேயே நல்லதாகப் போடுங்க.

கல்முனை: பாடசாலை வாசலில் இலவச டொபி கொடுத்துப் பெயர் எடுக்கலாமா?

வேண்டாம் தங்கச்சி. பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று நமக்குத் தெரியாது, கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அது ஆபத்து. தாய் தகப்பன் இல்லாத இடத்தில் பிள்ளையின் ஆசையைத் தூண்டுவதும் சரியில்லை. ருசி பார்க்கக் கொடுப்பதென்றால் சந்தை நாளில், பெரியவர்களுக்குக் கொடுங்க. கொடுக்கும்போது வட்ஸ்அப் இலக்கம் உள்ள அட்டையும் சேர்த்துக் கொடுங்க, அடுத்த ஓடர் அதில்தான் வரும்.